மாதா ஆடினால் விளக்கு எரிகிறது

நம் வீடு, காசபா
செவ்வாய்க்கிழமை

புவெனஸ் அயர்ஸில் வேலை பார்க்கும் என் அருமை மகள் லிதுவினாவுக்கு, உன் அப்பன் எலிஹியோ எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு தலைவலி கூட இல்லாமல் இருக்கக் காகுபே மாதா காப்பாற்றட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் கோழிகளும் சுகம். சுகம் என்று சொன்னது உடம்புக்கு மட்டும். மற்றபடி நான் மிகவும் பயந்து போயிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வாத்தியாரம்மா எழுதவில்லை, பாதிரியாரும் எழுதவில்லை. இந்த வயதில் எழுத்துக் கற்ற நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் ஐஸ் போட்டு வைத்த தெரேரே பானம் வெந்நீராகிவிடுகிறது. உன் பெயரை எழுதியதும் எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருக்கிறாய்.

நம் பழைய காருக்கு நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய தானியங்கி விளக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலையில் பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், அப்பா போட மறந்துவிடுவார், லைசென்ஸ் போய்விடும் என்று நீ கவலைப்பட்டாய். கவலை சரிதான். எழுபது தாண்டி வாங்கிய லைசென்ஸ். பரீட்சைக் கேள்விகளை நானே படித்தேன் என்று ஃபோனில் சொன்னேன் அல்லவா, இன்னொரு முறை சொல்கிறேன், நானே படித்தேன். அது போய்விட்டால் உன் அம்மா பழையபடி விற்கிற சீபா ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் முக்குவரை நடக்க வேண்டும். அவளுடைய முழங்கால் இப்போதெல்லாம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் மகளே, கடைக்காரன் உனக்குக் கொடுத்தது இருட்டினால் மட்டும் எரிகிற வகை. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஆசையாக விரித்தேன். ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. படித்ததெல்லாம் தூக்கத்தில் தலையிலிருந்து வழிந்து போய்விட்டது என்று பயந்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுத்துக் கூட்டினேன். ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பிரிஹிதோவைத்தான் மாட்டுவதற்குக் கூப்பிட்டிருந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க எலிஹியோ ஐயா, இது பிரேசில்காரன் பாஷை. எனக்கும் தெரியாது” என்றான். தெரியாது என்று சொல்லிக்கொண்டே அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததைப் பார்த்து வந்த பயம் வேறு.

வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு அந்தச் சாமானில் பட்டாணி அளவு ஒரு கண் இருக்கிறது. அதை முன்கண்ணாடியின் நடு உச்சியில் ஒட்ட வேண்டும் என்று படத்தில் போட்டிருந்தது. அங்கேதான் நம் மாதா, உள்ளங்கை அளவுச் சிலை, கயிற்றில் தொங்குகிறாள். “மாதாவ கொஞ்சம் நகத்திக்கலாமா?” என்று பிரிஹிதோ கேட்டுவிட்டான். உன் அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். “உங்க வீட்டு மாதாவ நகத்துடா. இவ எங்கயும் போக மாட்டா. வேணும்னா உன் கண்ணு அவ காலடியில கெடக்கட்டும்” என்றாள். அப்படியே மாதாவுக்கு நேர் கீழே ஒட்டினான். பிறகு உள்ளே பார்த்து, “விளக்க உடனே எரிய விடாம யோசிக்க வைக்கிற துண்டு ஒண்ணு இருக்கு. வண்டிக்கு எதுக்கு யோசனை” என்று அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் தொப்பியால் கண்ணை மூடினால் விளக்கு எரிந்தது, எடுத்தால் அணைந்தது. பக்கத்து வீட்டார் எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை உன் அம்மாவையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தடி நிழலில் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கே நிழல், ரோடும் வழவழப்பு, விளக்கு ஒழுங்காக எரிந்திருக்கிறது, கை அசைத்து அனுப்பிவிட்டார்கள். அதைத் தாண்டியதும் வெயிலும் பள்ளமும். பள்ளத்தில் வண்டி ஆடினால் மாதா ஆடுகிறாள், மாதா ஆடினால் அவள் நிழல் கண்மேல் விழுகிறது, நிழல் விழுந்தால் விளக்கு எரிகிறது, விலகினால் அணைகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தன் விளக்கு எப்படித் தெரியும்? நம் வழக்கம் உனக்குத் தெரியும். போலீஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி வருகிறவன் எதிரே போகிறவனுக்கு விளக்கைச் சிமிட்டிக் காட்டுவான். நான் முக்கு வரைக்கும் ஊருக்கெல்லாம் சிமிட்டிக்கொண்டே போயிருக்கிறேன். எதிரே வந்த லாரி மெதுவாகிறது, கார்க்காரன் அவசரமாக பெல்ட்டை இழுத்துப் போடுகிறான், மோட்டார் சைக்கிள்காரர்கள் முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் கவிழ்க்கிறார்கள், எல்லாரும் எனக்குக் கும்பிடு போடாத குறையாகக் கை தூக்குகிறார்கள். “பாத்தியா கிழவி, லைசென்ஸ் இருக்கிறவனுக்கு இருக்கிற மரியாதைய” என்றேன். “ஏன் கிழவா, அத நெத்தியிலயா ஒட்டி வச்சிருக்க?” என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்து ஒரு சின்ன லாரி வந்தது. தார்ப்பாய்க்குள் உங்கள் நாட்டுத் தக்காளி, வரி கட்டாமல் ஆற்றைத் தாண்டி வந்தது. எங்களைப் பார்த்ததும் அது சாலையை விட்டுக் குதித்து மரவள்ளித் தோட்டத்துக்குள் பாய்ந்து சேற்றில் உட்கார்ந்தது. விபத்து என்று நினைத்து ஓடினேன். டிரைவர் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, உங்க வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்” என்றான். இந்தக் காலத்தில் இப்படியும் மரியாதை தெரிந்த ஆள் இருக்கிறானே என்று வீட்டு அடையாளத்தைச் சொல்லிவிட்டேன். மகளே, நான் ஏன் சொன்னேன்?

திரும்பி வரும்போது பாலத்தடியில் நிறுத்தினார்கள். ஒவேலார் என்ற அதிகாரி, மீசை இல்லாதவர், ஆனாலும் பயமாக இருந்தது. “பெரியவரே, காலையிலேருந்து ஒருத்தன் கூட மாட்டல. எல்லாரும் பூசைக்குப் போற மாதிரி வராங்க. ஒரு கெழவர் சிமிட்டினாருன்னு சொல்றாங்க. யாரு அது?” என்றார். நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். உன் அம்மா சும்மா இருந்திருக்கலாம். “ஊரு ஒழுங்கா நடந்தா அதுக்கும் கேசா தம்பி?” என்றாள். அவர் வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லி, ஆட்களை விட்டு ஆட்டச் சொன்னார். மாதா ஆடினாள். விளக்கு சிமிட்டியது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒவேலார் குனிந்து விளக்கையும் மாதாவையும் மாறி மாறிப் பார்த்தார். “மாதா இந்தப் பக்கம் ஆடினா சட்டப்படி போறீங்க. அந்தப் பக்கம் ஆடினா சட்டத்த மீறறீங்க. நான் எந்தப் பக்கத்துக்கு அபராதம் எழுதறது?”

“அவ ஆடுற பக்கத்துக்கு எழுதி அவகிட்டயே வாங்கிக்க” என்றாள் உன் அம்மா. நான் அவள் காலை மிதித்தேன். முழங்கால் வலிக்கிற கால் என்பது மிதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒவேலார் என் லைசென்ஸை வாங்கி, அதில் என் கையெழுத்தைப் பார்த்து, தன் பையில் வைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வாங்க. அதுவரைக்கும் வண்டிய தொடாதீங்க.”

பயம் அதோடு முடியவில்லை. இன்று விடிந்ததும் வாசலில் ஒரு பெட்டி தக்காளி. போலீஸ் பார்த்தால் நானும் கடத்தல்காரனின் கூட்டாளி. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அவன் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? உன் அம்மா சாட்சியத்தைச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் தக்காளி, மத்தியானம் தக்காளி, கோழிகளுக்கும் தக்காளி. சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் மாட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். கூடை நாளைக்குத் தலைமேல் ஏறுகிறது. நான் தூக்குகிறேன் என்றேன், “கூடைய எங்கிட்ட குடு, உன்ன நீ தூக்கிட்டு வந்தா போதும்” என்கிறாள்.

அதனால் மகளே, நீ வீட்டு வேலை பார்க்கிற வக்கீலம்மாவிடம், மாதாவால் சிமிட்டுகிறவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டு எழுது. முடிந்தால் லீவு சொல்லிவிட்டு வந்து இந்தக் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போ. நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போய், லைசென்ஸை அவரே வைத்துக்கொள்ளட்டும், ஜெயில் மட்டும் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். வண்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.

நீ எதிரே நின்று கை குவித்துக் கேட்டதாக நினைத்துக்கொண்டு ஆசீர்வாதம் தருகிறேன். மாப்பிள்ளைக்கும் கொடு. அவர் கேட்கவில்லை என்றாலும் கொடு.

பயத்தோடு,
உன் அப்பன் எலிஹியோ

பின்குறிப்பு: அந்த வெள்ளிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. நீ படித்துவிட்டு மறந்துவிடு. வரவேண்டாம், வக்கீலம்மாவிடமும் கேட்கவேண்டாம். அன்று ஸ்டேஷனில் ஒவேலார் கதவைச் சாத்திவிட்டு என் லைசென்ஸை மேசைமேல் வைத்தார். அவருடைய அம்மா தினமும் காலையில் அந்த ரோட்டில்தான் மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போகிறவராம். “நான் மகன், அதுவும் போலீஸ்காரன், எத்தன வருஷமா சொல்றேன் ஹெல்மெட் போடுன்னு. கேக்கல. அன்னிக்கு உங்க விளக்கப் பாத்து போட்டுக்கிட்டு வந்து எம்முன்னாடி நின்னாங்க” என்றார். லைசென்ஸை என் பக்கம் தள்ளினார். பிறகு, கண் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அம்மா கிளம்புகிற நேரத்துக்கு நானும் கிளம்பினால் போதும் என்றார். சட்டம் என்ன ஆகும் என்று கேட்டேன். “அத நான் பாத்துக்கறேன், நீங்க பள்ளத்த பாத்து ஓட்டுங்க, ஒண்ணையும் விட்றாதீங்க” என்றார். கூடை மறுபடியும் பின் சீட்டில் போகிறது. இப்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான் பாக்கி. வானம் மூடினால் மாதாவுக்கு நிழல் இல்லை, விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரிகிறது, அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி முழங்கையில் மாட்டிக்கொள்கிறார். ஆயுசு முழுக்க மழைக்காக வேண்டிக்கொண்ட நான் இப்போது தினமும் காலையில் வாசலில் நின்று, சந்தை முடிகிற வரைக்கும் மேகம் வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். நீயும் அங்கிருந்து ஒரு வார்த்தை சொல்லி வை.