பத்துக்கு மூன்று போட்ட ஜப்பான் வாத்தியார்

மன்னிப்புக் கேட்பதற்கென்றே உலகத்தில் ஒரு மனிதர் பிறந்தார் என்றால் அது எங்கள் ஜப்பான் வாத்தியார்தான். மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடம் மன்னிப்புக் கேட்பார். யாராவது ராங் நம்பர் போட்டுவிட்டால், அவர்கள் தேடிய ஆளாகத் தாம் இல்லாமல் போனதற்கு வருத்தம் தெரிவிப்பார். அதுவும் எப்படி? ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு இடுப்பு வரை குனிந்து. போனில் குனிந்தால் எதிராளிக்கு எப்படிய்யா தெரியும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தெரியாதுங்க. ஆனா குனியாமப் பேசினா குரல்ல தெரிஞ்சுபோயிருமுங்க" என்றார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்தது. கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவனையும், தெரியும் என்று தைரியமாகச் சொன்னவனையும் விமானம் விமானமாக ஏற்றி இறக்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் நானும் ஒருவன். நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் ஒன்றில் எங்கள் கம்பெனியின் 'கெஸ்ட் ஹவுஸ்'. வேறொரு பெரிய கம்பெனி போனில் இன்டர்வியூ செய்து எங்களை எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். அதற்குப் பெயர் பெஞ்ச். உட்காரத்தான் பெஞ்ச் இல்லை, தரையில் கார்பெட்தான்.

நான் திருவல்லிக்கேணி. கூட இருந்த முருகேசன் பாளையங்கோட்டை. நாலு மணிக்கு இன்னொருத்தர் வருவார் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜனவரிக் குளிர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த முருகேசன் பதறினான். "ஏலே, ஒருத்தன் பெட்டியும் கையுமா பனியில நிக்காம்லே. பெல்லும் அடிக்க மாட்டேங்கான், போகவும் மாட்டேங்கான். போலீசுக்குச் சொல்லுவமா?"

சரியாக நாலு மணிக்கு பெல் அடித்தது. பத்து நிமிஷம் முன்னால் வருவது மரியாதையாம். ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னால் பெல் அடிப்பது மரியாதை இல்லையாம். நடுவில் ஆள் விறைத்துச் செத்தால் அது மரியாதையா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொள்ளாச்சிக்காரர். வயது முப்பத்து மூன்று இருக்கும். பொள்ளாச்சியில் பிறந்ததால் ஏற்கெனவே வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர். அதன் மேல் ஐந்து வருஷம் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில், பெரியவர்களுக்கான இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். மரியாதையின் மேல் மரியாதை ஏறிய கேஸ். அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டதால் ஊருக்குத் திரும்பி, ஆறு மாதம் கோபால் படித்துவிட்டு இங்கே வந்திருந்தார்.

"ஜப்பான்ல உங்கள இங்கிலீஷ் வாத்தியாரா ஒத்துக்கிட்டாங்களா?" என்று முருகேசன் கேட்டான். அவனுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"மொத நாள் கிளாசுக்குப் போனேனுங்க. எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் சொன்னாங்க. ஒரு அம்மா மட்டும் ரொம்ப மரியாதையா, 'நிஜ டீச்சர் எப்பங்க வருவாரு?'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னிக்கு அவரு வரமாட்டாருங்க, அவரு வர்ற வரைக்கும் நான் பாடம் எடுக்கறேன்னேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வந்த மறுநாளே வேலையைக் காட்டினார். புது வீட்டுக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்தில் துண்டு கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது அந்த ஊர் வழக்கமாம். எட்டுக் கைத்துண்டு வாங்கி, காகிதத்தில் சுற்றி, கட்டிடத்தின் மற்ற எட்டுக் கதவையும் தட்டினார். கதவைத் திறந்ததும் குனிவார். "நான் புதிதாக வந்திருக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவாக இருப்பேன். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்." அமெரிக்காவில் முன்பின் தெரியாதவன் கதவைத் தட்டி, தொந்தரவு தரப்போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பேர் வீடு வாடகைக்கு விடும் லீசிங் ஆபீசுக்கு போன் போட்டார்கள். ஒரு கிழவர் இவரை விற்பனைக்காரர் என்று நினைத்து, துண்டு வேண்டாம், வாக்குவம் கிளீனர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கீழ் வீட்டு குஜராத்தி ஆன்ட்டி ஒருத்திதான் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு டப்பா டோக்ளா கொடுத்தாள். அதற்கு நன்றி சொல்ல இவர் மறுபடி போனார். அதற்கு அவள் மறுபடி கொடுத்தாள். இந்தப் போக்குவரத்தில் நானும் முருகேசனும் ஒரு மாதம் டிபன் செலவே இல்லாமல் இருந்தோம்.

வீட்டுக்குள்ளும் சட்டம் வந்தது. பாத்ரூமுக்குத் தனிச் செருப்பு. அந்தச் செருப்போடு ஹாலுக்கு வந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், முகம் மட்டும் சுருங்கிப்போகும். அதற்கு நாலு திட்டு வாங்கலாம். குப்பையோ நாலு வகை. அபார்ட்மென்ட் வாசலில் எல்லாக் குப்பைக்கும் ஒரே ஒரு இரும்புத் தொட்டிதான் இருந்தது என்பது வேறு விஷயம். இவர் பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, காயவைத்து, மடித்து, கயிறு கட்டி, அதே தொட்டியில் பூப்போல வைத்துவிட்டு வருவார். முருகேசன் சாம்பாரிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துக் கையில் பிடித்தபடி, "வாத்தியாரே, இது எரியுற குப்பையா, எரியாத குப்பையா?" என்று அடுக்களையிலிருந்து கத்துவான்.

இப்போது வெட்கக்கேடான ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்டர்வியூ எல்லாம் போனில். எதிராளி முகம் பார்க்கப்போவதில்லை. குரல்தானே, யார் குரலாக இருந்தால் என்ன என்று எங்கள் முதலாளி ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். அதன்படி ஒருத்தன் பெயரில் இன்னொருத்தன் பேசுவது அந்தக் காலத்துக் கெஸ்ட் ஹவுஸ்களில் நடந்த கூத்துதான். தப்பு. தப்பென்று அப்போதே தெரியும். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

நான் இங்கிலீஷ் பேசினால் எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி இருக்கும். "மறுபடி சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்பார்கள், நாலாவது தடவை நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். வாத்தியார் பேசுவதோ தெள்ளத் தெளிவான இங்கிலீஷ், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு. எனக்காக நீங்க பேசுங்க என்று கெஞ்சினேன். "கொஞ்சம் கஷ்டமுங்க" என்றார். ஜப்பானில் அப்படிச் சொன்னால் முடியவே முடியாது என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாதே. கொஞ்சம்தானே, கஷ்டப்படட்டும் என்று ரிசீவரைக் கையில் திணித்துவிட்டேன்.

கோபாலில் பத்துக்கு எத்தனை மார்க் போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டான் அந்த மேனேஜர். எல்லோரையும் கேட்கும் கேள்விதான். என் பெயரில் பேசிய வாத்தியார் கண் இமைக்காமல் "ஒன்பது" என்றார். எனக்கு வேலை கிடைத்தது. பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் ஆபீஸ், அதனால் கெஸ்ட் ஹவுசிலேயே தங்கிவிட்டேன். அடுத்து முருகேசன் பெயரில் பேசினார். அவனுக்கும் ஒன்பது. அவனுக்கும் பக்கத்திலேயே வேலை, அவனும் அங்கேயே தங்கிவிட்டான்.

பிறகு அவருடைய சொந்த இன்டர்வியூ வந்தது. அதே கேள்வி.

"மூன்று" என்றார் வாத்தியார்.

ஆடிப்போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபால் சொல்லிக்கொடுத்த மனுஷன்! அடுத்த இன்டர்வியூவில், எடுத்த எடுப்பிலேயே, "உங்கள் பொன்னான நேரத்தை எனக்காகச் செலவிடுகிறீர்கள், நான் உங்களை ஏமாற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றார். ஏமாறுவதற்கு முன்பே அவர்கள் வைத்துவிட்டார்கள். அதற்கடுத்ததில், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வது மரியாதை இல்லை என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, இன்டர்வியூ எடுத்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

"எங்களுக்கு மட்டும் ஒன்பது போடத் தெரியுதே?" என்று கத்தினேன்.

"உங்களப் பத்திக் கொறைச்சுச் சொன்னா உங்களுக்கு மரியாதக் கொறைச்சலுங்க. என்னப் பத்தி ஒசத்திச் சொன்னா கேக்கறவங்களுக்கு மரியாதக் கொறைச்சலுங்க. நான் என்னங்க பண்றது?"

இப்படியே ஏழு இன்டர்வியூ. நாலு மாசம். கடைசியில் முதலாளியே நேரில் வந்தார். "பாருப்பா, வியாழக்கிழமை டெக்சாஸ்லேருந்து ஒரு கால் வருது. இதுவும் அவுட்னா டிக்கெட் புக் பண்ணிடறேன். நீ இந்தியா கெளம்பலாம். தப்பா எடுத்துக்காத, பிசினஸ்."

வாத்தியார் அவர் கார் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளை நேராக்கி வைத்தார். பிறகு, "ஒரு நாட்டுலேருந்து திரும்பி வந்ததுக்கே எங்கம்மா ஆறு மாசம் கல்யாண வீடுகளுக்குப் போகலீங்க. ரெண்டாவது தடவையும்னா பாவமுங்க" என்றார். அவர் தமக்கென்று ஒரு கவலை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழமை உங்க பேர்ல நான் பேசறேன்" என்றேன்.

"கொஞ்சம் கஷ்டமுங்க."

"அதுக்கு அர்த்தம் இப்ப எனக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் பேசப்போறேன்."

வியாழக்கிழமை நானும் முருகேசனும் அரை நாள் லீவு போட்டோம். போனை ஸ்பீக்கரில் வைத்து நடுவில் வைத்தோம். வாத்தியார் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முருகேசன் கரண்டியோடு அடுக்களை வாசலில். டெக்சாஸ் மேனேஜர் வயசானவர் போலிருந்தது, நிதானமான குரல். கோபால் கேள்விகளை அடுக்கினார். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் பதிலை முத்து முத்தாக எழுதி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். எத்தனை மார்க் என்றார். ஒன்பது என்றேன். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்ப நல்லது" என்றார் மேனேஜர். "உங்கள் பயோடேட்டாவில் ஜப்பானில் வாத்தியாராக இருந்ததாகப் போட்டிருக்கிறதே. கோபாலை விடுங்கள். நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள், அதைச் சொல்லுங்கள்."

வாத்தியார் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார். எழுத ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நானே ஆரம்பித்தேன்.

"சார், நான் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் ஐந்து வருஷம் பாடம் எடுத்தேன். முதல் நாள் அவர்கள் நிஜ வாத்தியார் எப்போது வருவார் என்று கேட்டார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் முன்னதாகப் போய் போர்டைத் துடைத்துவைத்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு நாற்பது பேர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அதை ஒரு போட்டோவாகப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை. இங்கே என்னோடு இரண்டு பசங்கள் இருக்கிறார்கள். ஒருத்தனுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கஞ்சி சரியில்லை என்று நானே மன்னிப்புக் கேட்பேன். இன்னொருத்தன் பேசினால் ஒரு ஈ காக்காய்க்குப் புரியாது. தினமும் சாயங்காலம் அவனை உட்காரவைத்து, மூச்சு விட்டுப் பேசப் பழக்கினேன். இன்றைக்கு அவன் பேசினால் எல்லோருக்கும் புரிகிறது, சார். அதற்கு அவன் எனக்கு ஒரு தாங்க்ஸ்கூடச் சொன்னதில்லை."

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அந்தப் பையன் சொல்லியிருக்க வேண்டும்" என்றார் மேனேஜர்.

"ஆமாம் சார். சொல்லியிருக்க வேண்டும்."

திங்கட்கிழமை டல்லாசுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். முருகேசன் கரண்டியைப் போட்டுவிட்டுக் குதித்தான். வாத்தியார் அசையவில்லை. தரையைப் பார்த்தபடி, "நீங்க யாரச் சொன்னீங்கன்னே மொதல்ல எனக்குப் புரியலீங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் டல்லாசிலிருந்து போன்.

"நான் மேனேஜருகிட்ட உண்மையச் சொல்லிப்போட்டேனுங்க. போன்ல பேசினது நானில்லீங்கன்னு."

"யோவ் வாத்தியாரே! கெடுத்தீரே காரியத்தை! அவர் என்ன சொன்னாரு?"

"எந்திரிச்சுப் போயி கதவச் சாத்தினாருங்க. அப்புறம், போன்ல சொன்னதுல எது எது பொய்யின்னு கேட்டாரு. ஒன்பதுங்கறது பொய்யிங்கன்னேன். அத வேலையில நான் பாத்துக்கறேன், மத்ததெல்லாம் உண்மையான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வழக்கம்போல யோசித்தார். இந்தத் தடவை லைன் கட்டாகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியலீங்க, ஆனா என் ரூம்மேட்டு அப்படித்தான் நெனைக்கறாருன்னு சொன்னேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்காருங்க." பிறகு, தயங்கித் தயங்கி, "நான் சொன்னது சரிதானுங்களே?" என்றார்.

"சரிதான் வாத்தியாரே. தாங்க்ஸ்" என்றேன், அவர் பழக்கிய மாதிரியே, நிதானமாக, மூச்சு விட்டு.