தொட்டியில் ஒரு ஆட்சி மாற்றம்

இன்றோடு இந்த வீட்டில் ஆட்சி மாறுகிறது என்று டிரைவிங் மாஸ்டர் முடிவு செய்தபோது காலை மணி பத்து. மனைவி கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வீரத்துக்கு அந்த ஐந்து நிமிடம் அவசியம்.

பயிற்சிக் காரில் அவர் புலி. காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில்தான் அது இல்லை.

மனைவி மீன் ஆராய்ச்சிக்காரி. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே எட்டு ஆண் மீன்கள். ஒன்று மட்டும் தகதக மஞ்சள், கண்ணோரம் கறுப்புக் கோடு. மற்ற ஏழும் சாம்பல்.

"பதவியில இருக்கறவனுக்குத்தான் அந்தப் பளபளப்பு. பதவி போனா வெளுத்துடும். மூணு மாச உழைப்புங்க, தொட்டியில மட்டும் கை வெச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். போகும்போது அவருடைய சாம்பல் நிறச் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் வினை.

'அடிமைக்கு ஒரு நிறமா?' கொதித்தார். தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத அடிமை உலகத்திலேயே இவர் ஒருவர்தான். அதை யார் கேட்பது?

வலையை விட்டார். மஞ்சள் ராஜா வாளிக்குள். மாஸ்டர் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் காலை நீட்டினார்.

கால் மணி நேரம் கழித்துத் தொட்டிப் பக்கம் திரும்பியவர் துள்ளி எழுந்தார். மூலையில் பதுங்கிக் கிடந்த சாம்பல் மீன் ஒன்று மஞ்சளேறி, கண்ணோரம் கோட்டோடு மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தது. அவசரமாகப் பழைய ராஜாவை உள்ளே விட்டார். புதியவன் ஒரே பாய்ச்சல். வாலில் கடி. பழைய ராஜா கண்ணெதிரே வெளுத்துக் கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

மூணு மாச உழைப்பு. படியில் காலடிச் சத்தம். பக்கத்து வீடாக இருக்கும். இல்லை. பூட்டில் சாவி திரும்பியது.

"நோட்டை மறந்துட்டேன். ஏங்க, சட்டைக் கை ஏன் ஈரம்?"

"கை கழுவினேன்."

"முழங்கை வரைக்குமா?"

"சுத்தமா இருக்கறது தப்பா?"

"அந்த வாளி?"

"தட்டு கழுவலாம்னு..."

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சூடா இருக்கே."

மாஸ்டர் கைகூப்பினார். "தெரியாம எடுத்துட்டேம்மா. உன் ஆராய்ச்சி பாழாப்போச்சா?"

"இதுதான் ஆராய்ச்சி. ராஜாவை எடுத்தா என்ன ஆகும்னு பாக்கணும். நான் பக்கத்துல நின்னா மீனெல்லாம் இயல்பா இருக்க மாட்டேங்குது. வேற ஆள் வேணும். எடுங்கன்னு கேட்டா நீங்க மூணு நாள் யோசிப்பீங்க. கை வெக்காதீங்கன்னா பத்தே நிமிஷம்."

தொட்டி மூடியைக் காட்டினாள். விளக்குக்குப் பக்கத்தில் குட்டிக் கேமரா.

"மாடிப்படியில உக்காந்து ஃபோன்ல பாத்துட்டிருந்தேன். சரி, தட்டு கழுவத்தானே வாளி? கழுவுங்க."

குழாயடியில் நின்றவருக்கு, நோட்டில் எழுதியபடியே படித்துக் காட்டினாள். "புது ராஜா மஞ்சளேற, பதினஞ்சு நிமிஷம். பழைய ராஜா வெளுக்க, ரெண்டு நிமிஷம்."

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு. நாற்காலியில இருந்தது வெளுக்க, சாவிச் சத்தமே போதும்."