கிரியேட்டினினை நம்பிக் கேட்ட மாப்பு

ஒரு பயணத்தில் ஒரு வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. முடி வெட்டப் போனால் பிய்ந்த செருப்பையும் தைக்கக் கொண்டுபோவேன். (பெண் பார்க்கப் போன அன்றே அந்தத் தெருவில் ஒருவரிடம் கராம்புக்கு விலை பேசிவிட்டு வந்தவன் நான். என் மனைவி ரிஸ்னா அதை இன்னும் மறக்கவில்லை.) இதைக் கெட்டித்தனம் என்று நாற்பத்து நான்கு வயதுவரை நம்பியிருந்தேன்.

மாத்தளை டவுனில் எனக்குச் சரக்குக் கடை, வீடு அலுவிகாரையில். என் வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததால் ரிஸ்னா என்னையும் டொக்டரிடம் இழுத்துப் போனாள். சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் என்று நாலையும் பார்க்கச் சொல்லி அவர் துண்டு எழுதித் தந்தார். "பன்னெண்டு மணித்தியாலம் சாப்பிடாம போங்க. தண்ணி குடிக்கலாம்" என்றார். முதல் பாதி மட்டும் என் காதில் ஏறியது.

இரத்தம் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு பட்டினி கிடக்க எனக்கு மனம் வரவில்லை. ரமழான்தான் வருகிறதே! ஒரே நோன்பில் மறுமைக்கும் நன்மை, லெப்புக்கும் இரத்தம். துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலைப்பிறைக்குக் காத்திருந்தேன்.

நோன்பு பதினொன்று. அன்று பகல் நாவுலயில் ஒருவரிடம் செத்தல் மிளகாய் பார்க்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் போய், முற்றத்து வெயிலில் குந்தி, சாக்குச் சாக்காகக் கிளறிப் பார்த்துவிட்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளத் திரும்பி வந்தேன். பின்னேரம் ஐந்து மணிக்கு லெப்புக்குள் நுழைந்தபோது தலை லேசாகச் சுற்றியது. அதையும் நன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இரத்தம் எடுக்கும் நங்கி சிங்களத்தில் கேட்டாள், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். (நங்கி என்றால் தங்கச்சி.)

"நானா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"விடிய நாலரைக்கு."

"தண்ணி?"

"அதுவும் நாலரைக்குத்தான். ஒரு சொட்டு இல்ல, நங்கி!"

அவள் மூன்றாவது தடவையாக என் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "நோன்பு முடிஞ்ச பொறகு ஒரு காலையில வாங்களேன். தண்ணி குடிச்சிட்டு வாங்க. இப்ப எடுத்தா சரிவராது."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவனெல்லாம் ஒரு நோன்பாளியா? இவ்வளவு சுத்தமான பட்டினியை அந்த லெப் கண்டிருக்காது என்று எனக்குள் ஒரே பெருமை. "பரவாயில்ல, எடுங்க" என்று கையை நீட்டினேன்.

மறுநாள் வியாழக்கிழமை, றிப்போர்ட் கைக்கு வந்தது. சீனி சரி, கொழுப்பு சரி, ஈரல் சரி. சிறுநீரகத்தைக் காட்டும் யூரியாவுக்கும் கிரியேட்டினினுக்கும் பக்கத்தில் மட்டும், அளவு கூடிவிட்டது என்று தடித்த எழுத்தில் ஒரு குறி இருந்தது. டொக்டர் சனிக்கிழமைதான் வருவார். ஆகவே, கைப்பேசி என்ற பெரிய டொக்டரைக் கேட்டேன். அது சிறுநீரகத்தில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் என்னைக் குழிக்குள் இறக்கிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் நூறு கிராம் மிளகு கேட்டவருக்குக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்தேன். வீட்டில் கூடத்துக்கும் குசினிக்கும் இடையே நடந்தேன். கழிவறைக்குப் போய்ப்போய் நிறம் பார்த்தேன். "அடுப்புல கால் வச்ச பூனை மாதிரி நடக்காம ஒரு எடத்துல இருங்க!" என்று ரிஸ்னா கத்தினாள். றிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று அவளிடம் பொய் சொல்லியிருந்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. மகளுக்கு ஒன்பது வயதுதான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பக்கத்து வீட்டில் ரிஸ்னாவின் கூடப்பிறந்த நானா, என் மச்சான் சப்ரி. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் மேல்மாடி கட்டத் தொடங்கினார். அது எழும்பினால் என் அறை ஜன்னலுக்குக் காற்று வராது. முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல், 'நலன்விரும்பி' என்று போட்டுப் பிரதேச சபைக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன். வேலை நின்றுபோய், கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்தன. எழுதியது எதிர்வீட்டு டெய்லர்தான் என்று மச்சான் முடிவுகட்டி, அவருக்கு ஸலாம் சொல்வதையே விட்டுவிட்டார். (டெய்லரைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டியிருக்கிறேன்.) மச்சானிடம் மன்னிப்புக் கேட்காமல், இந்த மூட்டையோடு எப்படிக் கபுறுக்குழிக்குப் போவது?

வெள்ளிக்கிழமை மச்சானை எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்கக் கூப்பிட்டேன். பேரீச்சம்பழம் முடிந்து கஞ்சிக் கோப்பை கைக்கு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான், என்ட கிட்னி ரெண்டும் போச்சு."

ரிஸ்னா கையிலிருந்த அகப்பை விழுந்தது. மச்சான் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "ஏன் பயப்படுறீங்க? நான் இல்லியா? என்ட கிட்னில ஒன்ன எடுங்க!" என்று தேம்பி அழுதார்.

அந்த அழுகைதான் என்னைக் கவிழ்த்தது. "மாப்புப் பண்ணுங்க மச்சான். அந்தப் பெட்டிசத்த எழுதினது நான்தான்."

அழுகை நின்றது. ஆனால் கட்டிப்பிடித்த கையை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என் தோளில் நாடியை வைத்தபடியே முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பல்லுக்கிடையால், "அல்லாஹ்வுக்காக மாப்புப் பண்ணிட்டேன்" என்றார். கிட்னியைப் பற்றி அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை, ரிஸ்னா பக்கத்தில் இருக்க, டொக்டர் றிப்போர்ட்டைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு ரத்தம் குடுத்தீங்க?"

"பின்னேரம் அஞ்சுக்கு."

"பகல் எங்க இருந்தீங்க?"

"நாவுலயில."

"தண்ணி?"

நான் கூரையைப் பார்த்தேன். ரிஸ்னாதான் பதில் சொன்னாள்: "நோன்போட போய்க் குடுத்திருக்காரு டொக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தண்ணியே இல்லாம வெயில்ல கிடந்தா இது கூடிக் காட்டும். பெருநாள் முடிஞ்சு, ஒழுங்கா தண்ணி குடிச்சிட்டு, காலையில போய்த் திரும்ப எடுங்க. அது வரைக்கும் ஃபோன்ல ஒண்ணும் பாக்காதீங்க."

இரண்டாவது றிப்போர்ட்டை எடுக்க மச்சானே கூட வந்தார். அந்த நங்கி என்னை அடையாளம் கண்டு கடதாசியை நீட்டினாள். எல்லாம் சரியான அளவில் இருந்தன. மச்சான் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாகச் சொல்லி, லெப் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. கட்டிப்பிடித்தபடியே காதுக்குள் சொன்னார்:

"மச்சான், அந்த மாப்ப திருப்பித் தாங்க."

"என்ன?"

"நான் மாப்புப் பண்ணினது மௌத்தாகப் போற மனுசன. நீங்க நல்லாத்தானே இரிக்கீங்க."

நானே சபைக்குப் போய், நலன்விரும்பி நான்தான், அந்தப் பெட்டிசத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். டெய்லர் வீட்டுக்கு இரண்டு பேரும் வட்டிலப்பம் கொண்டுபோனோம். மேல்மாடி எழும்பிவிட்டது. என் ஜன்னலுக்கு இப்போது காற்று வருவதில்லை, மச்சான் வீட்டுக் கோழிக்கறி வாசம்தான் வருகிறது.

இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, காலையில், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் இரத்தம் கொடுக்கிறேன். றிப்போர்ட் வரும் நாளில் ரிஸ்னா கேட்கும் முன்பே மேல்மாடி ஜன்னலிலிருந்து மச்சானின் குரல் வந்துவிடும்.

"எல்லாம் நல்லமா மச்சான்?"

"எல்லாம் நல்லம்!"

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப இந்த வருசமும் மாப்பு இல்ல."