கிரில் அண்ணனும் அரை கிலோமீட்டர் வேலியும்

ரயில்வே அதிகாரியைத் தாம்பூலத் தட்டு வைத்து அழைத்த கவுன்சிலர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஊர் கிரில் அண்ணன். பொள்ளாச்சிப் பாதையில் இருக்கிற ஊர். பெயரைச் சொன்னால் சேர்மன் கோபித்துக்கொள்வார். நான் அவருடைய நகராட்சியில் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவன்.

ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற பட்டறை வைத்திருப்பதால் கிரில் அண்ணன். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு சட்டையெல்லாம் சல்லடை. அதே சட்டையோடுதான் மன்றக் கூட்டத்துக்கும் வருவார். எதைப் பற்றி விவாதம் நடந்தாலும் கடைசியில் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டுங்க, ரயில் பாதைக்கு வேலி எப்பங்க?" என்பார். கொசு மருந்துத் தீர்மானத்தில்கூட வேலியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

காரணம் ஊருக்கே தெரியும். அண்ணனுக்கு வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பட்டறை அந்தப் பக்கம். அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். தினமும் மதியச் சோற்றைக் கூடையில் வைத்துக்கொண்டு, கடைவீதிக்குப் பின்னால் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டித்தான் அக்கா பட்டறைக்குப் போவார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

"நானே ஊட்டுக்கு வந்து தின்னுக்கறேன், வராதேன்னு சொன்னா அவளுக்குக் கேக்கறதில்லீங்க. கையைக் காட்டிச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கறா" என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். இவ்வளவும் தெரிந்திருந்தும், அண்ணன் வேலி காண்ட்ராக்டுக்கு அடிபோடுகிறார் என்றுதான் ஊர் பேசிக்கொண்டது.

ஊருக்கு வேண்டியது வேறு. ஆட்கள் குறுக்கே வருவதால் எங்கள் கடைவீதி ஓரத்தில் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். அது நிற்க வேண்டும். வேலி போட்டால் ஹாரன் தானாகக் குறையும் என்றது ரயில்வே. வேலி போட்டால் பாதையோர ரயில்வே நிலத்தில் வண்டி நிறுத்த முடியாதே என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆகவே நாங்கள் ஒருமனதாக நிறைவேற்றியது இது: ஹாரன் வேண்டாம், வேலியும் வேண்டாம், வண்டி நிறுத்த அந்த நிலத்தை எங்களுக்கே தர வேண்டும். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவரை விட்டுவிட்டுத்தான் ஒருமனது. ரயிலாவது ஓடலாமா என்று ரயில்வேயில் கேட்டதாகக் கேள்வி.

இடத்தைப் பார்க்க வரச் சொல்லி நான் அனுப்பிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒருநாள் அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கே போய்விட்டார்.

"ஏனுங்க சார், தபால்ல கூப்பிட்டா எங்க பக்கம் சொந்தக்காரனே வரமாட்டானுங்க. தப்பு எங்க மேலதானுங்க. நீங்க அவசியம் வரோணுங்க."

அதிகாரி மலையாளி. தட்டை வாங்குவதா வேண்டாமா என்று தவித்து, வாங்கியும் விட்டார். வாங்கினால் வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார். முறையாக அழைத்த விருந்தாளியை வாசலில் நின்று வரவேற்காவிட்டால் ஊர் மரியாதை என்ன ஆவது? சேர்மன், கவுன்சிலர்கள், வியாபாரிகள் சங்கம், அதிலிருந்து பிரிந்த இன்னொரு சங்கம் என்று எல்லோரும் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கினார்கள். ஊரில் வண்டி நிறுத்த இடம் போதுமா என்பதும் அன்றைய விவாதத்தில் ஒன்று. விவாதிக்காமலே முடிவு தெரிந்துவிட்டது. கார் வரிசை கடைவீதியை நிறைத்து, ரயில்வே கேட்டையும் தாண்டிப் போய் நின்றது. கேட்டை மூட முடியவில்லை. கேட்டை மூடாமல் சிக்னல் விழாது. சிக்னலில் நின்ற ரயில், ஊர் அதுவரை கேட்டிராத ஹாரனை அடிக்க ஆரம்பித்தது.

"எங்களுக்கு அமைதி வேணுங்க!" என்று சேர்மன் அதிகாரியின் காதோரம் தொண்டை கிழியக் கத்தினார்.

ஒருவழியாகக் கார்களை நகர்த்தி, கேட்டை மூடியதும் ரயில் கிளம்பியது. அப்போதுதான் கடைவீதிக்குப் பின்னாலிருந்து கூடையோடு வந்த அக்கா, ரயில் நின்றிருந்ததைப் பார்த்த தைரியத்தில் தண்டவாளத்தில் கால் வைத்தார். எல்லோரும் கத்தினோம். என்ன பயன்? ரயில் கத்தியதே அவருக்குக் கேட்கவில்லை. அண்ணன் ஓடினார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுக்க, இருவருமாக ஜல்லியில் விழுந்தார்கள். பிரேக் போட்ட ரயில் அவர்களைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

முதலில் கேட்டது அக்காவின் குரல்தான். "ஏனுங்க, அறிவு கிறிவு இருக்குதுங்களா? கொழம்பு பூராத்தையும் கொட்டிப்போட்டீங்களே!"

அண்ணன் ஜல்லியில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தார். அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "வேலின்னு எழுதிக்கோங்க" என்றார். சேர்மன்கூடத் தலையாட்டினார். நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய ஒரே தீர்மானம் அதுதான்.

வேலியை ரயில்வேயே ஆள் வைத்துப் போட்டுவிட்டது. கிரில் அண்ணனுக்கு ஒரு கம்பி வேலைகூட வரவில்லை. வண்டி நிறுத்தும் இடம் போனதற்கு மட்டும் ஊர் அவரைத்தான் திட்டுகிறது. அக்காவும் திட்டுகிறார், கேட்டைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறதே. மதியமானால் அண்ணன் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு கேட்டுக்கு வருகிறார். கூடையை வாங்கிக்கொண்டு, வழி நெடுக அந்தத் திட்டைக் கேட்டபடி கூடவே நடக்கிறார்.

நானும் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு வெயிலில் நடக்கும்போது அண்ணனைத் திட்டாத நாளில்லை. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் போவது தெரிந்தால் மட்டும், தாண்டிப் போகாமல் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.