நான் பேயாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

பேயை நம்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. என்னையே பேய் என்று நம்பியவர்கள் மீதுதான் கோபம். வருடங்கள் ஓடியும் அது ஆறவில்லை.

பாகலூர் பக்கம் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு பழைய கிரானைட் கம்பெனி இருக்கிறது. கல் அறுத்துப் பாலிஷ் போட்ட இடம். மூடிப் பல வருடமாகிவிட்டது. அங்கே ஒருவர்கூடச் செத்ததில்லை. நானே விசாரித்துவிட்டேன். ஒரே ஒரு ஆளுக்குக் கட்டைவிரல் நசுங்கியிருக்கிறது. அவரும் ஓசூரில் பேக்கரி வைத்துக்கொண்டு செழிப்பாக இருக்கிறார். ஆனால் பேய் மட்டும் மூன்று! தமிழ் வீடுகளில் அது மிஷினில் சேலை சிக்கிய பெண். கன்னட வீடுகளில் விசில் ஊதும் வாட்ச்மேன். தெலுங்கு வீடுகளில், பாறைக்குள் தூங்கிக்கொண்டிருந்து அறுத்தபோது எழுந்துவிட்ட ஏதோ ஒன்று.

இதனால் எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். ஆனால் மஞ்சுளா வேலையை விடப்போகிறேன் என்று வந்து நின்றாள்.

அப்போது நான் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மஞ்சுளா என் டீம். தலைமுடி அளவு கீறலைக்கூட வெறும் கண்ணால் பிடித்துவிடுவாள். அவளுடைய ஊருக்குக் குறுக்குவழி அந்தக் கம்பெனிச் சுவரை ஒட்டித்தான் போகிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. கல் கம்பெனிப் பேய் தொட்டுவிட்டது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழமையில இருந்து வரமாட்டேன் மேடம். அத்த வேணாங்கறாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த வீட்டை விட்டு அவள் வெளியே வர இருந்த ஒரே காரணம் இந்த வேலைதான்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மறுநாளே உள்ளே போய், மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்து, திங்கட்கிழமை எல்லார் முகத்திலும் காட்டுவது என்று சபதம் போட்டேன். நல்ல வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் போனேன். (உச்சி வேளையும் பேய் நேரம்தானாம். பிறகுதான் சொன்னார்கள்.)

இடிந்த சுவர் வழியாக நுழைந்து, ஒரு ஸ்டோர் ரூமுக்குள் போனேன். காற்றில் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அது மட்டும் கையோடு வந்தது. பின்னால் அடுக்கிக் கிடந்த சாக்குகள் மேல் மல்லாந்து விழுந்தேன். மக்கிய சாக்கெல்லாம் கிழிந்து, கல் அறுத்த வெள்ளைத் தூள் தலை முதல் கால் வரை கொட்டியது. போனைத் தேடினேன். ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. (படம் எடுக்கக் கிளம்பியவள்! அறிவாளி!)

வேறு வழியில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆடுகளை விட்டுவிட்டு ஓடினார். கால் மணி நேரத்தில் ஊரே வந்தது. முன்னால் பூசாரி, கையில் எலுமிச்சம்பழம். கூட்டத்தில் மஞ்சுளாவும் மாமியாரும்.

"யாரு நீ?" என்றார் பூசாரி.

"ஜெயந்தி! கதவைத் திறங்க!"

"எந்த ஊரு?"

"சாமல்பட்டி!"

"அவ்ளோ தூரத்துல இருந்தா வந்திருக்கு?" என்று யாரோ வியந்தார்கள்.

"அங்க ஸ்டேசன் இருக்குதில்ல, ரயிலேறி வந்திருக்கும்" என்றார் பூசாரி, அனுபவஸ்தர் போல. பிறகு என்னிடம், "எதுக்கு வந்த?"

யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"மஞ்சுளாவுக்காகத்தான் வந்தேன்!"

"ஐயோ, அத்த சொன்னது நெசம்தான்!" என்று அலறி மஞ்சுளா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். தினமும் எட்டு மணி நேரம் என் பக்கத்தில் நிற்கிறவள்! தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவள்!

ஒரு பெரியம்மா கன்னடத்தில், "நினகெ ஏனு பேகு?" என்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தொண்டை வறண்டிருந்தது. "நீரு, நீரு" என்றேன். இன்னொருவர் தெலுங்கில் கேட்க, அதே தண்ணீரைத்தான் "நீள்ளு" என்றேன்.

"எல்லா பாஷையும் பேசுதுப்பா!"

அங்கே நின்ற அத்தனை பேரும் மூன்று பாஷை பேசுகிறவர்கள்தான். காய்கறி வாங்கவே மூன்று வேண்டும் அந்த ஊரில். நான் பேசினால் மட்டும் பேயா?

அப்போது எலுமிச்சம்பழம் கம்பி வழியாக வந்து நெற்றியில் பட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பழம் எறியற கையால கதவத் தள்ளக் கூடாதா? இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்க, ஒருத்தருக்குக் கூட மூளை கெடையாதா? வேலைக்குப் போறவள வீட்ல உக்கார வெக்க இதான் சாக்கா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் வெங்கடப்பா.

"இருங்கப்பா, இருங்கப்பா. இது நம்ம குவாலிட்டி மேடம். பஸ்ஸு ரெண்டு நிமிஷம் லேட்டானா என்னைய இப்படித்தான் திட்டுவாங்க."

அவர் சுற்றி வந்து ஓங்கி உதைத்தார். கதவு திறந்தது. வெயிலில் வந்து இருமிக்கொண்டே நின்றேன். பூசாரி இப்போது தைரியமாக என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இப்ப சொல்லு. யாரு நீ?"

"ஜெயந்தி!"

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "போயிடுச்சு."

முதலிலிருந்தே அந்தப் பெயரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்! யாராவது கேட்டார்களா?

திங்கட்கிழமை மஞ்சுளா சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். பூசாரி பேயை ஓட்டிவிட்டாராம். மாமியாரே "தைரியமா போய்ட்டு வா" என்று அனுப்பினாராம். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அந்தக் குறுக்குவழிதான் பாதை. மஞ்சுளா இன்று லைன் லீடர்.

"எல்லாம் உங்களாலதான் மேடம்" என்று இன்றும் சொல்வாள். நான் நெகிழ்ந்து முடிப்பதற்குள், "உங்க மேல வந்து ஏறிக்கிச்சே, அதனாலதானே புடிக்க முடிஞ்சுது" என்பாள்.

இந்தக் கதையை என் வீட்டுக்காரர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த என் மகள் போன மாதம் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாராம்.

"எங்கம்மா மொதல்ல பேயா இருந்தாங்க மிஸ். அப்புறம் குவாலிட்டிக்குப் போய்ட்டாங்க."

குவாலிட்டியில்தான் முதலில் சேர்ந்தேன். அந்த வரிசையையாவது சரியாகச் சொல்லக்கூடாதா?