மாரக்காள் புவியியல் பாஸான கதை

ஒரு காட்டில், அதுவும் மலைப்பாறை மேல் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஒரு காட்டில், மாரக்காள் என்றொரு யானை இருந்தாள். முப்பது கோடையாகத் தன் கூட்டத்தைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

அந்த வருடம் காட்டு அலுவலகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. கூட்டத்தை நடத்திச் செல்பவர் பல்கலைக்கழகப் புவியியலில் தேறியிருக்க வேண்டுமாம். கோடையில் இரண்டு மாதம் ஆன்லைன் வகுப்பு. "சட்டம்னா சட்டம். பாஸானவங்க பின்னாடிதான் வருவோம்" என்று சொந்தக் கூட்டமே சொல்லிவிட்டது. மாரக்காளிடம் மூன்று மாதக் குட்டி வேறு இருந்தது. வழி தவறினால் முதலில் சுருண்டு விழுவது அதுதான்.

மூச்சு வாங்கப் பாறை ஏறி வகுப்பில் சேர்ந்தாள். கேமராவில் அவளுடைய இடது காது மட்டும்தான் அடங்கியது.

"திரையில் ஏதோ சுவர் தெரிகிறது. சுவருக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது" என்றார் பேராசிரியர் கொக்கு.

வேறு வழியில்லாமல் ரங்கன் என்ற குரங்கைப் பிடித்தாள். "தம்பி, எனக்குப் பதிலா நீ உக்காரு. தெனம் ஒரு பலாப்பழம் தர்றேன்."

"அதுக்கென்னங்க்கா, மூஞ்சியக் காட்டறதுதானே!"

இரண்டு மாதம் ரங்கன் பலாச்சுளை தின்றுகொண்டே மூஞ்சியைக் காட்டினான். பரீட்சையில் மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். "மேலேயிருந்து" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினான்.

சான்றிதழ் வந்தது. பெயர் மாரக்காள். படம் ரங்கன்.

"நான்தானுங்க மாரக்காள்!" என்று அவள் அலுவலகத்தில் கத்தினாள். குமாஸ்தா முள்ளம்பன்றி படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "முகம் ஒத்துப்போகலையேம்மா. வேணும்னா அடுத்த கோடையில சேந்துக்க."

அதற்குள் கூட்டம் தண்ணீர் குடிக்கும் குட்டை வற்றிவிட்டது. சான்றிதழ்ப் படத்தில் இருப்பவன்தான் மாரக்காள் என்று கூட்டம் முழுவதும் ரங்கன் பின்னால் வரிசை கட்டி நின்றது. "அக்கா, எனக்கு மரத்தைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க" என்று கிசுகிசுத்தான்.

"வாய மூடிட்டு ஏறு" என்று அவனைத் தூக்கித் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள் மாரக்காள்.

இரண்டு நாள் நடந்தாள். பாறை இடுக்கில் ஊற்று இருந்தது. குட்டி தண்ணீரில் வாயை வைத்த பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

"படிச்சவங்க படிச்சவங்கதான்! மாரக்காள் இல்லேன்னா செத்திருப்போம்" என்று கூட்டம் தும்பிக்கை தூக்கி ரங்கனைக் கும்பிட்டது.

"கீழே நிக்கறது யாருங்க?" என்று கேட்டது ஓர் இளம் யானை.

ரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது என்னோட வண்டி" என்றான்.

நீதி: வழி தெரிந்தவர் நடக்க வேண்டும், சான்றிதழ் வைத்திருப்பவர் அவர் கழுத்தில் உட்கார வேண்டும்.