பெட்டி கேஸ் மேடமும் ஒரு பத்தொன்பது வயசும்

கொலை வழக்கைப் பார்த்தால் கொட்டாவி விட்டு, செருப்புத் திருட்டைப் பார்த்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடும் அரசு வக்கீல் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவரிடம் நான் ஆறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். பெங்களூரில் சில்லறைக் குற்றங்களை ‘பெட்டி கேஸ்’ என்போம். ஆகவே அவர் பெட்டி கேஸ் மேடம். நிஜப் பெயர் அறைக் கதவில் இருந்தது; யாரும் படித்ததில்லை.

போலீஸார் கொண்டுவரும் குற்றப்பத்திரிகையைக் கோர்ட்டுக்குப் போகுமுன் சரிபார்ப்பது அவர் வேலை. மற்ற வக்கீல்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேடத்துக்குக் கைப்பற்றிய பொருளையும் காட்ட வேண்டும். ‘முத்தெமாலு’ என்போம் அதை.

ஒருமுறை முத்தெமாலு, கோயில் வாசலில் களவுபோன ஒரு ஜோடி செருப்பு. புகார் கொடுத்தவர் பீன்யாவில் லேத் ஓட்டுபவர்.

“போட்டுக் காட்டுங்க” என்றார் மேடம்.

போட்டார். குதிகால் இரண்டு அங்குலம் வெளியே நின்றது.

“போன வாரம் கரெக்டாதான் இருந்துச்சு மேடம்.”

“ஒரு வாரத்துல கால் வளந்துச்சா, செருப்பு சுருங்குச்சா?”

திருடன் என்று பிடித்துவந்த ஆள், பாவம், தன் சொந்தச் செருப்பைத்தான் போட்டிருந்தார்.

சந்தாபுரா பையனின் கோப்பும் அப்படித்தான் வந்தது. அவன் ஒரு கடையில் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் திருடிவிட்டு, மறுநாள் அதே கடைக்குப் போய், “இதுக்கு சார்ஜர் ஒயர் இருக்காண்ணா?” என்று கேட்டு மாட்டிக்கொண்டவன். வயது பத்தொன்பது என்று எழுதியிருந்தது. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் பெரியவர்களோடு ஜெயிலில் பதினோரு நாள்.

மேடம் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார்.

“பத்தொன்பது வயசுல யாராவது இவ்ளோ மண்டா இருப்பாங்களா? ஏன்ரீ, வயசு யாரு சொன்னது?”

எதிரே நின்ற எஸ்.ஐ. கோலார் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். “நோடிதரே தெரியுது மேடம். மீசை இருக்கு.”

“பாத்தே சொல்லிடுவீங்களா? சரி, எனக்கு என்ன வயசு?”

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதுபவனைப்போல் கீபோர்டைப் பார்த்தேன். உத்தியோகம் முக்கியமல்லவா?

“நாப்பத்தி... நாலு மேடம்?”

“ஐம்பத்தெட்டு. உங்க கண்ணு பதினாலு வருஷம் தப்பு காட்டுது. அந்தக் கண்ணை நம்பி ஒரு பையனை உள்ள வெச்சிருக்கீங்க.”

அன்றே அவனுடைய அம்மாவை வரவழைத்தார். ஹெப்பகோடியில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்பவர். பிளாஸ்டிக் கவரிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டை எடுத்து நீட்டினார்.

“ஸ்டேஷன்ல தெனம் காட்டினேன் மேடம். யாரும் கையில வாங்கல.”

மேடம் இரண்டு கையாலும் வாங்கினார். திருடிய அன்று பையனுக்குப் பதினேழு வயது நாலு மாதம். பையன் மைனர் என்று கோர்ட்டுக்கு மேடம் சொன்ன குறிப்பை நான் நாலு தடவை டைப் அடித்தேன். மூன்று தடவை கமா சரியில்லை என்று கிழித்தார். அந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போது கமாவா என்று எனக்கு எரிச்சல்.

“கோர்ட்டுல கமாவைத்தான் பிடிப்பாங்க. அடி.”

வழக்கு சிறுவர் வாரியத்துக்கு மாறியது. அங்கே பையனுக்கு நன்றாக டோஸ் விட்டு, இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சொல்லி, அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா மேடத்துக்கு நன்றி சொல்ல வந்தார். மேடம் அடுத்த கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, “மொதல்ல அவனுக்கு ஒரு சார்ஜர் வாங்கிக் குடுங்கம்மா” என்றார்.

அதன்பிறகு அந்த எஸ்.ஐ., அறுபது வயதுச் சீட்டாட்டக்காரருக்குக்கூட மார்க்ஸ் கார்டு தேட ஆரம்பித்தார்.

போன மாதம் மேடம் ஓய்வு பெற்றார். விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். ஆறு வருஷம் வாங்கிய திட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று எழுந்தேன். மைக்கைப் பிடித்து, “நான் போடற கமா எல்லாம் மேடம் சொல்லிக்குடுத்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.